பள்ளிபாளையம் சிக்கனுக்கு எந்த ஒயின்?

வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலேயே கணவனும் மனைவியும் மட்டும் உட்கார்ந்து சாப்பிடும் இரவு விருந்துக்கு என்ன ஒயின் வாங்குவது என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களில் பெரும்பாலோர் கறியின் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார்கள். நமக்குத் தேவை அதில் போகும் மிளகாய், புளி, எண்ணெய் இவற்றின் அளவு. "ஆட்டுக்கறிக்குச் சிவப்பு, கோழிக்கும் மீனுக்கும் வெள்ளை" என்ற சூத்திரம் வரமிளகாய் தெரியாத அடுப்படியில் பிறந்தது. கொங்குச் சமையலுக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் கைக்காசும் போகும், வாயும் எரியும்.

ஏனுங்க, அடுத்த வாரம் எங்களுக்கு அஞ்சாவது கல்யாண நாள். அப்பாவும் அம்மாவும் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு காங்கயம் போறாங்க. வீட்டம்மாவுக்குப் பிடிச்ச பள்ளிபாளையம் சிக்கனை நானே செய்யலாம்னு இருக்கேன். கேபர்னே சாவின்யோன்னு ஒரு சிவப்பு ஒயின், ஆல்கஹால் 14 சதவீதம், ஓக் பீப்பாயில் வெச்சது, இதுதான் உசத்தின்னு கடையில் சொன்னாங்க, வாங்கிட்டேன். சரியா வருமுங்களா?
— வாசகர், திருப்பூர்

வராதுங்க. பாட்டிலில் குறையில்லை, ஜோடிதான் தப்பு.

மிளகாயின் எரிச்சலை உணர்கிற நரம்பு முனைகள் சாதாரணமாக 42 டிகிரி சூடு பட்டால்தான் "சுடுகிறது" என்று மூளைக்குச் சொல்லும். ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நம் வாயே அதைவிடச் சூடு. மிளகாயும் அதே முனைகளைத்தான் சீண்டுகிறது. ஆக, 14 சதவீத ஒயினும் பதினைந்து வரமிளகாய் போட்ட சிக்கனும் சேர்ந்தால் எரிச்சல் இரட்டிப்பு. இதோடு கேபர்னேயில் இருக்கும் டானின் வேறு. பச்சை வாழைப்பூவை மென்றால் நாக்கும் கன்னமும் இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்புதான் டானின். காரம் ஏறிய நாக்கில் அது கசப்பாக மாறி, ஒயினில் இருக்கும் பழச்சுவையை மூடிவிடும். ஓக் பீப்பாயில் வைத்ததில் இந்தத் துவர்ப்பு இன்னும் கூடுதல்.

இரண்டு வழி இருக்கிறது. சிக்கன் மாறாது என்றால் ஒயினை மாற்றுங்கள். லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் நன்றாகச் சேரும். நாசிக்கிலிருந்து வரும் சுலா செனின் பிளாங்க் அந்த ரகம். இனிப்பு காரத்தைத் தணிக்கும், குளிர்ச்சி எரிச்சலை அடக்கும், டானின் தொந்தரவு கிடையாது. அது கிடைக்காவிட்டால் இளஞ்சிவப்பு ஒயினான ரோஸே. உறைப்பு அதிகம் வேண்டும் என்கிறவர்களுக்கு 12 சதவீதத்துக்கு மேல் போகாத பாட்டிலே நல்லது.

சிக்கனிலும் கொஞ்சம் கை வைக்க வேண்டும். இருவருக்கு எலும்போடு சிறு துண்டுகளாக வெட்டிய கோழி 400 கிராம், சின்ன வெங்காயம் 150 கிராம், தேங்காய்ப் பல் ஒரு கைப்பிடி, மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், பூண்டு ஆறு பல், கறிவேப்பிலை, கடலெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. வழக்கமாகப் போடும் பன்னிரண்டு, பதினைந்து வரமிளகாய்க்குப் பதில் ஐந்து போதும். கிள்ளி, விதையைத் தட்டிவிட்டு, எண்ணெயில் நிறம் மாறும் முன்பே வெங்காயத்தைச் சேர்த்துவிடுங்கள். மிளகாய் கருகினால் வரும் கசப்பை எந்த ஒயினாலும் சரிசெய்ய முடியாது. சிவப்பு நிறம் வேண்டுமென்றால் காஷ்மீரி மிளகாய் இரண்டு சேர்க்கலாம். தக்காளி, கரம் மசாலா எதுவும் வேண்டாம். அசல் பள்ளிபாளையத்திலும் அவை கிடையாது. காரத்தின் சாறு எண்ணெயில் கரையும் என்பதால், பரிமாறும் முன் சட்டியைச் சாய்த்து மிதக்கும் எண்ணெயில் பாதியை வடித்துவிடுங்கள், மிளகாய்த் துண்டுகளையும் பொறுக்கிவிடுங்கள். தேங்காய்ப் பல்லைக் குறைக்காதீர்கள். இடையிடையே கடிபடும் அந்தக் கொழுப்புதான் ஒயினுக்கு வழிவிடுகிறது.

கேபர்னேயைத் திறந்தே ஆக வேண்டும் என்றால் சமையலை மாற்றுங்கள். வெள்ளாட்டுக்கறி 400 கிராம், மிளகு இரண்டு டீஸ்பூன் கொரகொரப்பாக இடித்தது, சீரகம் ஒரு டீஸ்பூன், சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, நல்லெண்ணெய், உப்பு. வரமிளகாயே இல்லாமல் வறுவலாக இறக்குங்கள். கறியின் புரதமும் கொழுப்பும் டானினைப் பிடித்துக்கொள்ளும், துவர்ப்பு தணியும். உப்பு சரியான அளவில் இருக்கட்டும். உப்பு குறைந்த கறியோடு கேபர்னே கசக்கும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மிளகு வறுவலுக்குக் கேபர்னேயை விட ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் பொருத்தம். மிளகுக்கு அதன் மணத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற பொருளே ஷிராஸ் திராட்சைத் தோலிலும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்து பாருங்கள், தெரியும்.

நானும் எங்க வீட்டுக்காரரும் சைவம். அரிசிம்பருப்பு சாதம், காளான் மிளகு வறுவல், கடைசியில் தேங்காய்ப்பால் ஊத்தின சந்தகை. இதுக்கெல்லாம் ஒயின் சேருமா? ஒயின் சைவம்தானா என்பதும் சந்தேகம்.
— வாசகி, கோயம்புத்தூர்

அரிசிம்பருப்பு சாதத்துக்குச் சேருகிற மாதிரி பல ஹோட்டல் சாப்பாட்டுக்கே சேராது. துவரம்பருப்பு, பூண்டு, சீரகம், மேலே ஊத்துக்குளி நெய். எல்லாம் மெத்தென்று இருக்கிறது. வெட்டிவிட ஒரு புளிப்பு வேண்டும். இனிப்பில்லாத வெள்ளை ஒயினான சாவின்யோன் பிளாங்க் அதைச் செய்யும். நுரைக்கும் ஒயினில் 'ப்ரூட்' (இனிப்பு குறைந்த ரகம்) என்று எழுதியது இன்னும் நன்றாகச் செய்யும். நுரையும் புளிப்பும் நாக்கில் படிந்த நெய்யைக் கழுவி அடுத்த கவளத்துக்குத் தயாராக்கிவிடும். சாதத்தில் வரமிளகாய் இரண்டோடு நிறுத்துங்கள். தக்காளி ஒன்று போதும். தொட்டுக்கொள்ள ஊறுகாய் மட்டும் வேண்டாம். ஊறுகாயின் புளிப்புக்கு முன்னால் எந்த ஒயினும் தண்ணீராகத் தெரியும். உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பைத் தாண்டக் கூடாது. புளிக்குழம்பும் ரசமும் ஒயின் மேசைக்கு வராமல் இருப்பது இதனால்தான்.

காளானுக்குத் தனி பாட்டில் திறக்க வேண்டியதில்லை. அதே ப்ரூட் போதும். சிவப்புதான் வேண்டுமென்றால் குளிர வைத்த இளசான ஷிராஸ் அல்லது சாஞ்சோவேஸே. மகாராஷ்டிரத்து அக்லூஜில் தோட்டம் வைத்திருக்கும் ஃப்ராட்டெல்லி சாஞ்சோவேஸே தயாரிக்கிறது.

சந்தகைக்கு வரும்போது கவனம். நாட்டுச்சர்க்கரை போட்ட தேங்காய்ப்பாலோடு இனிப்பில்லாத ஒயின் குடித்தால் எலுமிச்சைச் சாறு குடித்த முகம்தான் வரும். இனிப்புப் பண்டத்தை விட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும் என்பது மாறாத விதி. கொடியிலேயே அதிக நாள் விட்டுப் பறித்த திராட்சையில் செய்யும் 'லேட் ஹார்வெஸ்ட்' ஒயின் இதற்கானது. பெரும்பாலும் 375 மி.லி. சின்ன பாட்டிலாக வரும். ஆளுக்கு 60 மி.லி. போதும். ஒப்புட்டுக்கும் இதுவே. சாக்லேட் கேக்கோடு இனிப்பில்லாத சிவப்பு ஒயினைப் படத்தில் காட்டுவார்கள். பார்க்க அழகு, குடித்தால் கசப்பு.

சைவமா என்ற கேள்வி நியாயமானது. ஒயின் கலங்கலாக இல்லாமல் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பாலிலிருந்து எடுக்கும் கேசின், மீனிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் ஆகியவற்றைச் சில ஆலைகள் பயன்படுத்துகின்றன. வேறு சில ஆலைகள் பென்டோனைட் என்ற களிமண்ணை. தெளிந்ததும் இவை அடியில் படிந்து நீக்கப்படுகின்றன. ஆனாலும் கண்டிப்பான சைவர்கள் லேபிளில் 'வீகன்' என்று அச்சிட்டதைத் தேடி எடுப்பதே நிம்மதி.

சிவப்பு ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க ஊர்ல வெயில் காலத்தில் ராத்திரி எட்டு மணிக்கும் வீடு அனலா இருக்குதே?
— வாசகர், ஈரோடு

அந்த 'ரூம்' குளிர்நாட்டுக் கல் வீடு. அங்கே அறை 16 முதல் 18 டிகிரி. ஈரோட்டு அறை 30 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் நெடி மூக்கில் குத்தும், பழ வாசம் கீழே அமுங்கிவிடும். நல்ல ஒயினை மோசமான ஒயின் என்று பலர் முடிவு கட்டுவது இந்தச் சூட்டினால்தான்.

சிவப்பை 16 முதல் 18 டிகிரியிலும், ரோஸேயையும் வெள்ளையையும் 8 முதல் 10 டிகிரியிலும், நுரைக்கும் ஒயினை 6 முதல் 8 டிகிரியிலும் பரிமாற வேண்டும். "சிவப்பை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வை" என்ற குறிப்பும் குளிர்நாட்டு வீட்டுக்கானதே. 30 டிகிரியில் இருக்கும் பாட்டில் வீட்டு ஃபிரிட்ஜில் 18-க்கு இறங்க ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெள்ளையைக் காலையிலேயே உள்ளே வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி கல் உப்பு. வெறும் ஐஸில் பாட்டிலைச் சுற்றிக் காற்றுதான் இருக்கும், தண்ணீர் இருந்தால்தான் குளிர் கண்ணாடியைத் தொடும். கழுத்து வரை மூழ்கியிருந்தால் வெள்ளைக்கு 25 நிமிடம், சிவப்புக்குப் பத்து நிமிடம்.

ஃப்ரீசரில் வைத்து மறக்க வேண்டாம். நுரைக்கும் ஒயின் என்றால் வைக்கவே வேண்டாம். உறைந்தால் பாட்டில் வெடிக்கும். கண்ணாடித் தம்ளரில் ஐஸ் கட்டி போடுவதும் வேண்டாம், பத்து நிமிடத்தில் நீர்த்துவிடும். உறைய வைத்த திராட்சை நான்கைந்து போட்டால் குளிரும், நீர்க்காது.

கடையில் போய் நின்னா லேபிள் ஒண்ணும் புரியறதில்லை. எதைப் பார்த்து எடுக்கறது?
— வாசகர், பொள்ளாச்சி

டாஸ்மாக்கின் எல்லாக் கடையிலும் ஒயின் ரகங்கள் இருக்காது. எலைட் கடைகளில்தான் நான்கைந்து பெயராவது பார்க்கலாம். முதலில் பாட்டிலை விட்டு அலமாரியைப் பாருங்கள். வெயில் விழும் கண்ணாடி ஓரம், டியூப்லைட்டுக்கு நேர் கீழே நிற்கும் பாட்டில் வேண்டாம். அடுத்து ஆண்டு. இந்தியாவில் ஒயின் திராட்சை அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை நடக்கிறது. லேபிளில் இருப்பது அந்த அறுவடை ஆண்டு. வெள்ளையும் ரோஸேயும் இரண்டு ஆண்டுக்குள் இருப்பதை எடுங்கள். "பழசாக ஆக உசத்தி" என்பது மிகச் சில ஒயின்களுக்குத்தான் பொருந்தும், அதுவும் குளிர்ந்த இருட்டறையில் இருந்தால். கார்க் மூடி விளிம்புக்கு மேல் தள்ளிக்கொண்டிருந்தாலோ, உறையின் ஓரத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ சூட்டில் இருந்த பாட்டில். திருகு மூடியைத் தரக்குறைவாக நினைக்காதீர்கள். நம் வெயிலுக்கு அதுதான் பத்திரம்.

நுரைக்கும் ஒயினில் ஒரு பொறி உண்டு. 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்ற பெயர் இனிப்பே இல்லாதது போலத் தோன்றும், ஆனால் அது 'ப்ரூட்'டை விட இனிப்பு. ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை, எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17, 'டெமி செக்'கில் 32 முதல் 50. காரமான சாப்பாட்டுக்கு டெமி செக், நெய்ச் சாப்பாட்டுக்கு ப்ரூட்.

இருவருக்கு 750 மி.லி. பாட்டில் ஒன்று தாராளம். 150 மி.லி. வீதம் ஐந்து தம்ளர் வரும். இரண்டாவது பாட்டில் வாங்குகிற காசில் நல்ல கறி வாங்கலாம். கேரளத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எல்லை தாண்டிக் கொண்டுவரும் யோசனை வேண்டாம், வெளிமாநில மதுவுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

கார்க் உடைஞ்சு பாதி உள்ளே நின்னுடுச்சு. செருப்புக்குள் வெச்சு சுவத்தில் தட்டினா வரும்னு ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?
— வாசகர், நாமக்கல்

வேண்டாம். கழுத்து விரிந்து கையைக் கிழித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் முடியும் கல்யாண நாள். மீதிக் கார்க்கை மரக்கரண்டிக் காம்பால் மெதுவாக உள்ளே தள்ளிவிட்டு, சுத்தமான டீ வடிகட்டியில் வடித்து ஜாடியில் ஊற்றுங்கள். சுவை கெடாது. உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் திருகை ஓரமாக இறக்குவது. நட்டநடுவில் குத்தி, நேராக, கடைசிச் சுற்று ஒன்று மட்டும் வெளியே தெரியும்வரை இறக்கி, அசைக்காமல் மேலே இழுக்க வேண்டும்.

நுரைக்கும் ஒயினுக்குத் திருகே தொடக் கூடாது. நன்றாகக் குளிர்ந்த பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, ஒரு துண்டைச் சுற்றி, கட்டைவிரல் கார்க்கின் மேல் இருக்க, கம்பியை ஆறு அரைச்சுற்று அவிழுங்கள். பிறகு கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். மெல்லிய "உஸ்" சத்தம் வந்தால் சரி. டமார் என்று வந்தால் நுரையில் பாதி தரைக்கு. யார் முகத்துக்கும் ட்யூப்லைட்டுக்கும் நேராகப் பிடிக்காதீர்கள்.

தம்ளரைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். மெல்லிய விளிம்புள்ள கண்ணாடி எதுவானாலும் போதும், மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். பாத்திர சோப்பின் எலுமிச்சை வாசம் போக வெந்நீரில் இரண்டு முறை அலசுங்கள். மேசை மேல் ஊதுபத்தியும் வாசனை மெழுகுவத்தியும் இருந்தால் ஒயின் மணம் தெரியாது. மல்லிகைப்பூவும் அப்படித்தான், ஆனால் அதை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எங்களுக்கில்லை.

எங்க வீட்டம்மா குடிக்கவே மாட்டாங்க. எனக்கு மட்டும் ஊத்திக்கிட்டு உக்கார மனசு வரலைங்க. வேற வழி?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

நல்ல மனசு. வற்புறுத்தாமல் இருங்கள், அவருக்கும் தம்ளரில் தகுதியான ஒன்று இருக்கட்டும். கடைச் சாறு இனிப்பு மட்டும்தான். சாப்பாட்டோடு சேர புளிப்பும் துவர்ப்பும் வேண்டும், அது விதையும் தோலுமான பன்னீர் திராட்சையில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பக்கம் தொண்டாமுத்தூர் திராட்சையும் ஆகும்.

அரைக் கிலோ பழத்தை நன்றாகக் கழுவி, காம்பு நீக்கி, 100 மி.லி. தண்ணீரில் சிறு தீயில் பத்து நிமிடம் வைத்து மத்தால் மசியுங்கள். விதையை உடைக்காதீர்கள், கசக்கும். மிக்ஸி வேண்டவே வேண்டாம். தோலோடு இருபது நிமிடம் ஆற விட்டால் நிறமும் துவர்ப்பும் இறங்கும். துணியில் வடித்து, அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, இடித்த மிளகு நான்கு. சர்க்கரை சேர்க்காமல் குளிர வைத்து, பரிமாறும்போது சம அளவு சோடா. வெள்ளாட்டுக்கறி வறுவலுக்கு இது உங்கள் ஷிராஸுக்குச் சளைக்காது.

இதே பழத்தை ஈஸ்ட் போட்டு நுரைக்க வைத்து "வீட்டு ஒயின்" செய்யும் செய்முறையும் சிலர் கேட்டிருக்கிறார்கள். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அந்தக் கடிதங்களுக்குப் பதில் இல்லை.

சர்க்கரை மாத்திரை சாப்பிடறவங்க ஒரு கிளாஸ் குடிக்கலாமா?
— வாசகி, கரூர்

டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கிளைமிபிரைடு போன்ற மாத்திரையோடு வெறும் வயிற்றில் மது போனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கிருமித்தொற்றுக்குத் தரும் மெட்ரோனிடசோல், தூக்க மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் தொடவே வேண்டாம்.

பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி ஏதோ கிடந்தது. கொட்டிட்டேன். சரிதானே?
— வாசகர், சேலம்

அவசரப்பட்டுவிட்டீர்கள். அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. ஃபிரிட்ஜ் குளிரில் படிகமாகப் படியும், கெடுதல் இல்லை. மெதுவாக ஊற்றி கடைசி ஒரு விரல் அளவை விட்டுவிடலாம். கொட்ட வேண்டியது எது என்றால், நனைந்த கோணிச்சாக்கு வாடை அடிப்பது, வினிகர் நெடி அடிப்பது, வெள்ளை ஒயின் வறக்காப்பி நிறத்துக்கு மாறியது.

ரெண்டு பேரும் சேர்ந்தே பாதிதான் குடிச்சோம். மீதியை என்ன பண்றது?
— வாசகி, மேட்டுப்பாளையம்

மூடியை இறுக்கி, நிற்க வைத்து, ஃபிரிட்ஜில். சிவப்பும் அப்படித்தான். வெள்ளை நான்கு நாள், சிவப்பு மூன்று நாள். ஒயினைக் கெடுப்பது பாட்டிலுக்குள் இருக்கும் காற்று. அதனால் மீதியைச் சுத்தமான சின்ன கண்ணாடிப் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடினால் இன்னும் இரண்டு நாள் கூட நிற்கும். நுரைக்கும் ஒயினுக்குக் கவ்விப் பிடிக்கும் மூடி வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளே நுரை அடங்கிவிடும். பாட்டில் வாயில் கரண்டியைச் செருகினால் நுரை நிற்கும் என்பது வெறும் பேச்சு. நாள் தாண்டிய சிவப்பில் நான்கு மேசைக்கரண்டி எடுத்து, ஆட்டுக்கறி வதங்கும்போது ஊற்றி, நெடி போகும்வரை மூடாமல் கொதிக்க விடுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் கறி புளிக்கும்.